பிக்கப் வண்டியின் மைலேஜ் இறங்கினால் எந்த வரிசையில் தேடுவது?

லோடு வண்டி வைத்துப் பிழைப்பவருக்கு வாடகையில் என்ன மிஞ்சும் என்பதை மைலேஜ்தான் முடிவுசெய்கிறது. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு பிக்கப் வண்டி லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தால் ஏறத்தாழ 231 லிட்டர் டீசலில் மாதம் முடிந்துவிடும். அதே வண்டி 10 கிலோமீட்டருக்கு இறங்கினால் 300 லிட்டர் ஊற்ற வேண்டும். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இந்த இடைவெளி மாதத்துக்கு 6,300 ரூபாயைத் தாண்டுகிறது. வண்டிக் கடனின் தவணையில் ஒரு நல்ல பங்கு இதிலேயே போய்விடும்.

மஹிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா போன்ற டீசல் வண்டிகளைப் புதிதாக எடுத்தோ, கைமாறி வாங்கியோ ஓட்டத் தொடங்கியவர்களுக்காக இது எழுதப்படுகிறது. குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸின் டீசல் வகைக்கும் பெரும்பகுதி பொருந்தும். பழைய ஏஸ் டீசலில், என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ இல்லாததால் அந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

டீசல் அதிகம் குடிக்கிறது என்று சொல்லி வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பெரும்பாலும் முதலில் எழும் பேச்சு, என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பற்றியதாகவே இருக்கும். செலவும் அதில்தான் அதிகம். இங்கே சொல்லப்போகும் வரிசை அதற்கு நேர் எதிரானது: காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்த்து, ஸ்பேனர் எடுக்க வேண்டியவற்றை அடுத்துப் பார்த்து, டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் பழுதுபார்க்கும் பம்ப் மெக்கானிக்கிடம் போவதைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்க வேண்டும். என்ஜின் நன்றாக இழுக்கிறது, புகையும் இல்லை, ஆனால் டீசல் மட்டும் கூடுதலாகப் போகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் என்ஜினுக்கு வெளியேதான் இருக்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டு, ரிசர்வ் விளக்கு எரியும் வரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பதுதான் நம்மில் பலருடைய வழக்கம். இதை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. டேங்க் மிதவை சமதரையில் ஓர் அளவையும் சரிவில் வேறோர் அளவையும் காட்டும். விளக்கு எரியும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறும்.

சரியான முறை டேங்கை நிரப்பி நிரப்பி அளப்பது. சமதரையில் பம்ப் உள்ள ஒரு பங்க்கைத் தேர்ந்தெடுத்து, வண்டியை ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்து நிறுத்துங்கள். பிக்கப் வண்டிகளின் டேங்க் சேஸிஸின் ஒரு பக்கத்தில் தொங்குவதால், வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலும் நிரம்பும் அளவு மாறிவிடும். நாசில் தானாக முதல்முறை நின்றதும் நிறுத்திவிடச் சொல்லுங்கள். ரூபாயை முழுமையாக்குவதற்காக மேலும் கொஞ்சம் ஊற்றினால் அளவு கெட்டுவிடும். ஓடோமீட்டர் எண்ணை எழுதிக்கொண்டு, குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, அதே பங்க்கில், அதே நாசிலில், அதே முறையில் மறுபடி நிரப்புங்கள். இடையில் ஓடிய தூரம் 412 கிலோமீட்டர், இப்போது ஏறிய டீசல் 34.3 லிட்டர் என்றால், 412-ஐ 34.3-ஆல் வகுக்கக் கிடைக்கும் 12 கிலோமீட்டர்தான் உங்கள் மைலேஜ்.

ஒரு டேங்க்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாமல், மூன்று முறையாவது இப்படி அளந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்றிய சுமை, போன பாதை, ஓட்டியவர், வெறும் வண்டியாகத் திரும்பிய தூரம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து திருச்சி வழியாகக் கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போன வாரத்தையும், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறிய வாரத்தையும் ஒப்பிட முடியாது. மலையடிவாரத்திலிருந்து கொடைக்கானல் வரை உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர் கூடுகிறது. சுமையோடு 2,800 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 4 லிட்டர் அளவுக்கு டீசல் தேவைப்படும். சமதரையில் அதே தூரம் ஓடத் தேவைப்படும் டீசல் இதற்கு மேல் தனியாகச் சேரும். வண்டி மலையில் டீசல் குடிப்பது கோளாறு ஆகாது.

அளவைப் பற்றிய ஐயங்களை இந்தக் கட்டத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓடோமீட்டர் சரியாக எண்ணுகிறதா என்று நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களை வைத்தோ, கைபேசியின் ஜிபிஎஸ்ஸை வைத்தோ 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். கைமாறிய வண்டிகளில் முந்தைய உரிமையாளர் பெரிய டயர் மாட்டியிருப்பது சாதாரணம். 215/75 ஆர்15 டயர் இருக்க வேண்டிய இடத்தில் 235/75 ஆர்15 இருந்தால் சக்கரத்தின் விட்டம் 4 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. வண்டி 100 கிலோமீட்டர் ஓடும்போது ஓடோமீட்டர் 96 மட்டுமே காட்டும். உள்ளபடி குறையாத மைலேஜ் தாளில் குறைந்து தெரியும்.

பங்க்கின் அளவில் ஐயம் இருந்தால், அங்கே முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கலன் இருக்கும். அதில் பிடித்துக் காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டர் வரையிலான வேறுபாடு அனுமதிக்கப்பட்டது. டேங்க்கின் அடிப்பக்கத்தையும் மிஞ்சிய டீசலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸ் சேரும் இடங்களையும் குனிந்து பாருங்கள். காய்ந்த புழுதிக்கு நடுவே ஓரிடம் மட்டும் ஈரமாக, கருத்து, மண் அப்பியிருந்தால் அங்கே டீசல் கசிகிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டுபவர்கள் டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அளப்பது நல்லது. டீசல் இறங்கும் வழிகளில் அதுவும் ஒன்று.

சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா?

மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்று அளவு சொல்லிவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியவை டயரும் பிரேக்கும். டயர் காற்றை வண்டி ஓடாமல் நின்ற காலைப்பொழுதில் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் கூடுதல் அழுத்தத்தைக் காட்டும். எவ்வளவு காற்று என்பதைப் பஞ்சர் கடைக்காரரிடம் கேட்காமல், ஓட்டுநர் பக்கக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் வில்லையிலோ கையேட்டிலோ பாருங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும், சுமை உள்ளபோதும் இல்லாதபோதும் எண்கள் வேறுபடும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவு அடித்துவிடும் பழக்கத்தால், சுமை ஏறியதும் பின் டயர்கள் நசுங்கி, ஓட்டத்துக்குத் தடையாகின்றன.

பிறகு முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியாகவும், வெளியிலிருந்து உள்ளாகவும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவும்போது வழவழப்பாகவும் மறுபக்கமாகத் தடவும்போது சுரசுரப்பாகவும் இருந்தால், சக்கரங்களை நேராக வைக்கும் அலைன்மென்ட் விலகியிருக்கிறது. சக்கரம் உருளும்போதே சாலையில் பக்கவாட்டில் தேய்கிறது என்பதால் டயரும் போகும், டீசலும் போகும்.

அடுத்தது பிரேக். சக்கரத்தை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கைப் போல ஓசையில்லாமல் டீசலைத் தின்னும் கோளாறு வேறில்லை. சுமையோடு ஓடும் டீசல் வண்டியின் இழுவிசையில் அது தெரியவே தெரியாது என்பதால், ஓட்டுநர் மாதக்கணக்கில் அதை உணராமல் ஓட்டுவார். இதைக் கண்டுபிடிக்க 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசி இரண்டு கிலோமீட்டரில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் வந்து, வண்டி தானாக வேகம் இழந்து நிற்கும்படி நிறுத்துங்கள். உடனே இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். நேரடியாகத் தொட்டால் கை பொசுங்கக்கூடும். நான்கில் ஒன்று மட்டும் அனல் வீசினால், அல்லது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக்கோ பேரிங்கோ இறுகியிருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டெம்பரேச்சர் கன் இருந்தால் வேலை இன்னும் எளிது.

அந்தச் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். பின்சக்கரமாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சுற்றிப் பாருங்கள். முன்சக்கரத்தின் டிஸ்க் பிரேக்கில் பேட் லேசாக உரசும் ஓசை இருக்கலாம், ஆனால் சக்கரம் கையால் தடையின்றிச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, அது நகர்வதற்கு உதவும் இரண்டு பின்களையும் ரப்பர் உறைக்குள்ளிருந்து இழுத்துப் பாருங்கள். அவை விரலின் விசைக்கே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கிரீஸ் காய்ந்து கறுத்து, துருப்பொடியோடு ஒட்டி, திருகி இழுத்தால்தான் வருகின்றன என்றால், காரணம் கையில் கிடைத்துவிட்டது. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரேக்குக்கென்று விற்கும் வெப்பம் தாங்கும் கிரீஸைத் தடவி மாட்டினால் போதும். சாதாரண சேஸிஸ் கிரீஸை அங்கே தடவினால் ரப்பர் ஊதிக்கொண்டு மறுபடியும் இறுகும்.

காலிப்பரின் பின்கள் சரியாக இருந்தும் சக்கரம் விடவில்லை என்றால், ஒருவரை பிரேக்கை மிதித்து விடச் சொல்லிவிட்டு, பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைச் சற்றுத் திறந்து பாருங்கள். சொட்டு ஆயில் வெளியேறியதும் சக்கரம் விடுபட்டால், பிரேக் ஆயில் திரும்பிப் போக முடியாமல் அடைபட்டிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதியிருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். பின் டிரம் பிரேக்கில் துருப்பிடித்த ஹேண்ட்பிரேக் வயரும், புது ஷூ மாட்டியபோது அளவுக்கு மீறி இறுக்கிய அட்ஜஸ்டரும் வழக்கமான குற்றவாளிகள். ஷூ மாற்றிய பிறகுதான் மைலேஜ் இறங்கியது என்றால் வேறெங்கும் தேடாமல் நேரே இதைப் பார்க்கலாம்.

வலது கால், வேகம், சுமை

காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80-க்குப் போனால் காற்றுத் தடை மட்டும் 78 சதவீதம் கூடிவிடும். அதிலும் கூண்டு கட்டிய பாடியும் படபடக்கும் தார்ப்பாயும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நான்குவழிச் சாலையில் 60-க்கும் 65-க்கும் இடையில் நிதானமாக ஓட்டி ஒரு டேங்க்கை அளந்து பார்ப்பது, எந்தப் பாகத்தையும் மாற்றாமல் செய்யக்கூடிய மிக நல்ல சோதனை. தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதும், வெறும் கிரேட்டுகளைக் கேபின் உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குவதும் இதோடு சேரும். பின் கதவைத் திறந்து தொங்கவிட்டால் காற்று எளிதாகப் போகும் என்ற நம்பிக்கை தவறானது; மூடிய பாடிக்குள் சுழலும் காற்றே மேலே வரும் காற்றை வழுக்கிப்போகச் செய்கிறது.

மலையிறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவதை டீசல் மிச்சம் பிடிக்கும் கலையாக இன்றும் சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். உயர் அழுத்தத்தில் வைத்த டீசலை ஒரு கணினியின் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் காமன்ரெயில் என்ஜினில் இது தலைகீழான கணக்கு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுற்றுவதால் கணினி டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால்தான் ஐடிலிங்கில் என்ஜினை ஓட வைக்க டீசலை ஊற்ற வேண்டியிருக்கிறது. என்ஜின் பிரேக்கை இழப்பதால் பிரேக் சூடேறிச் செயலிழக்கும் ஆபத்து வேறு. சாவியை அணைத்துவிட்டு உருட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும்.

மண்டியில் இறக்குவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் என்ஜினை அணைத்துவிடுங்கள். இந்த அளவு என்ஜின் ஐடிலிங்கில் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிக்கும். கியரை 2,000 ஆர்பிஎம் அளவில் மாற்றிக்கொண்டே போவது சிக்கனம், ஆனால் சுமையோடு ஏற்றத்தில் என்ஜின் திணறும்போது மேல் கியரில் அழுத்திக்கொண்டிருப்பது சிக்கனத்தில் சேராது.

காற்று, சூடு, டீசல்

இவை எல்லாம் சரியாக இருந்தால் பானெட்டைத் திறக்கலாம். ஏர் ஃபில்டரை எடுத்து, உள்ளே விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் சீராகத் தெரிய வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியாகக் குறைந்த அழுத்தத்தில் அடியுங்கள். தாளில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அதை மறுபடி மாட்டக் கூடாது. உள்ளே போகும் புழுதி டர்போவையும் சிலிண்டரையும் தின்றுவிடும். செங்கல் சூளை, குவாரி, மண் சாலை என்று ஓடும் வண்டிக்குக் கையேடு சொல்லும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது, அதற்கு முன்பே மாற்ற வேண்டிவரும்.

டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ஹோஸ்களின் கிளாம்ப்களைத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் புழுதியும் படிந்திருந்தால், சுமையில் ஓடும்போது அங்கே காற்று வெளியேறுகிறது. இழுவை குறைவதும், ஆக்சிலேட்டர் கொடுத்ததும் கரும்புகை வருவதும், சீறும் ஓசை கேட்பதும் இதன் கூட்டாளிகள். நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. அது வேறு கதை, மைலேஜைவிடப் பெரிய செலவு.

சூடு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கோளாறை நாமே உண்டாக்குகிறோம். வண்டி ஒருமுறை ஓவர்ஹீட் ஆகிவிட்டால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பொதுவாக 80 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால், நீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் ஓடி, என்ஜின் தேவையான சூட்டை எட்டாமலே ஓடும். குளிர்ந்திருப்பதாக நினைக்கும் கணினி டீசலைக் கூட்டியே ஊற்றும், ஆயிலும் தடித்தே இருக்கும். அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் டெம்பரேச்சர் முள் நடுப்பக்கம் வராமல் கீழேயே கிடந்தால், வால்வு இருக்கிறதா, திறந்த நிலையில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சூடேறும்போது மட்டும் ஃபேனை வேகமாகச் சுற்றவைக்கும் ஃபேன் கிளட்ச் இறுகிப்போய், குளிர்ந்த என்ஜினிலும் ஃபேன் ஓயாமல் இரைந்து சுற்றுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கோளாறு.

கிளட்ச் வழுக்குகிறதா என்பதை ஏற்றத்தில் அறியலாம்: மேல் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் தட்டு தேய்ந்திருக்கிறது. டீசல் ஃபில்டரைக் காலத்தில் மாற்றி, அதன் அடியில் சேரும் தண்ணீரை வடித்துவிடுங்கள். மைலேஜைக் கூட்டும் என்று சொல்லி விற்கும், டேங்க்கில் ஊற்றும் திரவங்களையும் டீசல் குழாயில் கட்டும் காந்தங்களையும் வாங்கும் காசில் இரண்டு ஃபில்டர் வாங்கிவிடலாம்.

பிஎஸ்-6 வண்டிகளில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 புகை மாசு விதிகளுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்னும் புகைக்கரி வடிகட்டி இருந்தால், அதில் சேரும் கரியை எரிக்கக் கணினி அவ்வப்போது கூடுதல் டீசலைச் செலவிடும். நகருக்குள் தெருத்தெருவாகத் தண்ணீர் கேன் போடும் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று மறுபடி தொடங்குவதால் மைலேஜ் வெகுவாக இறங்கும். சில வேளை டீசல் ஆயிலோடு கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கும். ஆயில் குறையாமல் ஏறுகிறது என்று மகிழாமல் உடனே காட்டுங்கள். வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டுவது நல்ல மருந்து.

டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 ஊசிச் செருகியில் மாட்டி, கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளைக் கைபேசியில் பார்க்க உதவும் சிறிய ஓபிடி கருவி பல வண்டிகளில் வேலை செய்யும். அதில் பி0128 என்று வந்தால் என்ஜின் சூடேறவில்லை என்றும், பி0299 என்று வந்தால் டர்போ காற்றழுத்தம் குறைவு என்றும் பொருள். குறியீடு ஒரு பாகத்தை மாற்றச் சொல்லும் கட்டளை ஆகாது. பி0299 வந்ததும் டர்போவையே மாற்றுவதற்கு முன் மேலே சொன்ன ஹோஸ் கிளாம்ப்களைப் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக இன்ஜெக்டர்

இத்தனைக்குப் பிறகும் மைலேஜ் ஏறவில்லை, கூடவே ஐடிலிங்கில் நடுக்கமோ, தட்டும் ஓசையோ, விளக்கம் கிடைக்காத புகையோ இருந்தால் மட்டும் இன்ஜெக்டருக்கு வாருங்கள். காமன்ரெயில் குழாய்களில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். என்ஜின் ஓடும்போது எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது, பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பம்ப் மெக்கானிக்கிடம் முதலில் ரிட்டர்ன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடிப்பார்கள். ஒரு குப்பி மட்டும் மற்றவற்றைவிட வெகுவேகமாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. எல்லாம் ஒரே அளவில், குறைவாக நிரம்பினால் கழற்றச் சொல்லி அவசரப்படுத்த வேண்டியதில்லை.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்த்த தாளைச் சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் கேட்டு வாங்குங்கள். புது இன்ஜெக்டர் மாட்டினால், அதன் தலையில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கேனர் வழியாகக் கணினியில் ஏற்ற வேண்டிய வண்டிகள் பல உண்டு. பழையவற்றைக் கழற்றி மாட்டியபோது சிலிண்டர் இடம் மாறினாலும் அப்படியே. மாட்டுவதற்கு முன் அந்தக் குறியீடுகளைச் சிலிண்டர் வரிசைப்படி படம் எடுத்துவைத்துக்கொண்டு, வண்டியை எடுக்கும் நாளில் ஸ்கேனர் திரையில் தெரியும் குறியீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.